சோழர் காலத்தில் ஒரு மர்மக் காதல் நாவல்: முதல்முறை எழுதுகிறவர்களுக்கு, கல்வெட்டிலிருந்து புத்தகக் கடை வரை

சரித்திர நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் நம்மிடையே நிறைய. எழுதி முடிக்கிறவர்கள் குறைவு. பலரை நிறுத்துவது கற்பனைப் பஞ்சம் இல்லை. எந்த ஆவணத்தை எங்கே தேடுவது, எதை நம்புவது, அச்சுக்கு எவ்வளவு ஆகும், எந்த மாதம் எதைச் செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லாததுதான். பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டில் ஒரு கொலையையும் ஒரு காதலையும் வைத்து நாவல் எழுதி, சொந்தமாக வெளியிட்டு முடிப்பதற்குள் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அடுத்து வருகிறவருக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

சோழர் வரலாற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு நல்ல நூல்கள் இருக்கின்றன. வேலையை மட்டும் பார்ப்போம்.

1. முதலில் ஒரு ஆவணத்தைப் பிடியுங்கள், கதையை அல்ல

"ஒரு இளவரசி, ஒரு ஒற்றன், ஒரு சதி" என்று தொடங்கினால் நூறு பக்கத்தில் மூச்சு முட்டும். ஏற்கெனவே படித்த கதைகளின் சாயல்தான் வரும். உண்மையில் இருக்கும் ஒரு பதிவை எடுத்து, அது எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். மர்மம் அங்கே தயாராக இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் 969–971 வாக்கில் கொல்லப்பட்டான். இதற்கு நேரடிச் சான்று, இன்றைய கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. 1920ஆம் ஆண்டுக் கல்வெட்டு அறிக்கையில் அதன் எண் 577. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான" என்று சொல்லி, சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராஜன் ஆகிய பெயர்களைத் தருகிறது.

இந்தக் கல்வெட்டு கொலையைச் சொல்வதற்காக வெட்டப்பட்டது அல்ல. துரோகிகளின் நிலத்தை என்ன செய்வது என்பதுதான் அதன் விஷயம். அரசன் ஆணை வருகிறது, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமண ஊரின் சபை நிலத்தைக் கைமாற்றுகிறது, அதிலிருந்து கோயிலுக்கு அறக்கட்டளை ஏற்படுகிறது. நடுவில், யாருடைய நிலம், ஏன் பறிபோனது என்று விளக்கும் இடத்தில் கொலை வருகிறது. எங்கே கொன்றார்கள், எப்படி, ஏன், யார் தூண்டினார்கள்? ஒரு சொல் கிடையாது. ஆணை வந்த காலம் ராஜகேசரி என்ற பட்டம் சூடிய அரசனின் 2ஆம் ஆட்சியாண்டு. முதலாம் ராஜராஜன் பட்டமேறிய 985இலிருந்து கணக்கிட்டால் 986–987 வாக்கில். கொலைக்கும் ஆணைக்கும் நடுவே உத்தம சோழரின் ஆட்சி முழுவதும் ஓடிவிட்டது. அத்தனை வருடம் என்ன நடந்தது? உங்கள் நாவல் உட்கார இடம் இருக்கிறது அல்லவா?

இதே முறையில் நீங்கள் வேறு பதிவைத் தேடலாம். அரச குடும்பத்துக் கொலைதான் வேண்டும் என்றில்லை. நிலத் தகராறு, கணக்கு ஒப்படைக்காத ஊர்ச்சபை உறுப்பினர், கோயில் நகை காணாமல் போனது, தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டுக் கோயிலில் நந்தா விளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) வைத்துக்கொடுத்தவர் என்று கல்வெட்டுகளில் குவிந்து கிடக்கிறது. புதியவர்களுக்கு நான் சொல்வது, சின்ன ஊரின் சின்ன வழக்கை எடுங்கள். பெரிய ராஜாக்களை எடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் வாசகர் மனதிலிருக்கும் வேறொரு நாவலோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

எச்சரிக்கை: நாவலில் படித்ததை வரலாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'பொன்னியின் செல்வ'னில் வரும் நந்தினி கல்கியின் கற்பனை. வந்தியத்தேவர் கற்பனை அல்ல. ராஜராஜனின் தமக்கை குந்தவையாரின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டு அவர் பெயரைச் சொல்கிறது. அந்த நாவலில் வருவதுபோல் கொலை கடம்பூர் மாளிகையில் நடந்தது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. இந்தப் பிரிப்பு தெளிவாகும் முன் ஒரு அத்தியாயம்கூட எழுத வேண்டாம்.

2. ஆவணங்களைச் சேர்ப்பது

இந்தப் பகுதிக்குப் பணம் அதிகம் ஆகாது, பொறுமைதான் ஆகும். அடிப்படை நூல்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசம்.

இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் தொடங்குங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. இவற்றையும் 'எபிகிராஃபியா இண்டிகா' தொகுதிகளையும் 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் தமிழிலேயே படிக்கலாம். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930களில் வந்தது. சில முடிவுகள் பின்னால் மாறியிருந்தாலும் அடிக்குறிப்புகளுக்காகவே அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். எந்தக் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று அதிலிருந்துதான் நூல் பிடித்துப் போக முடியும். எந்த ஊர் எந்த நாட்டில், எந்த வளநாட்டில் (இரண்டும் அன்றைய நிலப்பிரிவுகள்) இருந்தது என்று தெரிய எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் நூலும் அதன் வரைபடங்களும் வேண்டும்.

நேரில் போக வேண்டுமானால் சென்னையில் எழும்பூர் கன்னிமாரா, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால். ஆதார் அட்டை, அதன் நகல், ஒரு பாஸ்போர்ட் புகைப்படம் மூன்றையும் பையிலேயே வையுங்கள். கிளம்புமுன் தொலைபேசியில் நேரத்தையும் நகல் எடுக்கும் விதியையும் கேட்டுவிடுங்கள். வேண்டிய நூலின் பெயர், தொகுதி எண், பக்க எண் எழுதிய தாளோடு போனால் ஒரே பகலில் வேலை முடியும். "சோழர் பத்தி ஏதாவது" என்று கேட்டுப் போனால் நாள் வீணாகும்.

கல்வெட்டுப் படிக்கும்போது மூன்று பொறிகள்.

முதலாவது, பட்டப்பெயர். சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடினார்கள். சுந்தர சோழர் ராஜகேசரி, உத்தம சோழர் பரகேசரி, முதலாம் ராஜராஜன் மறுபடி ராஜகேசரி. ஆதித்த கரிகாலனும் பரகேசரி என்றே குறிக்கப்படுகிறான். "கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு 5" என்று மட்டும் இருந்தால் அது யார் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். பதிப்பாசிரியர் குறிப்பைப் பாருங்கள்.

இரண்டாவது, ஆண்டு. கல்வெட்டில் கி.பி. கிடையாது, ஆட்சியாண்டுதான். பட்டமேறிய ஆண்டோடு கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். ஆட்சியாண்டு நடு ஆண்டில் தொடங்குவதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் விழும். ஒற்றை ஆண்டாகக் குறித்துக்கொண்டால் பின்னால் கதாபாத்திரங்களின் வயது உதைக்கும்.

மூன்றாவது, எழுத்து. அக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடாது. நடுவில் கிரந்த எழுத்து வரும். கல்லைப் பார்த்து நீங்களே படிக்க முயலலாம், நல்ல பயிற்சிதான். ஆனால் நாவலுக்கு அச்சில் வந்த வாசகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அரும்சொல்லுக்குச் சாந்தி சாதனா வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி உதவும்.

செப்பேடுகளையும் விடாதீர்கள். முதலாம் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு ஆதித்தன் மறைந்தபின் மக்கள் அருள்மொழியை (பின்னாளில் முதலாம் ராஜராஜன்) அரசேற்க வேண்டியதையும், சிறிய தந்தையான உத்தம சோழருக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவர் மறுத்ததையும் சொல்கிறது. இதை எழுதியது ராஜராஜனுடைய மகனின் அரசவை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். வென்ற வீட்டார் சொன்ன சாட்சியம் இது. துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல தீனி ஏது?

3. மூன்று நிறச் சான்று ஏடு

ஒரு நீளமான நோட்டு, மூன்று நிறப் பேனா. கல்வெட்டில் உள்ளது ஒரு நிறம், அறிஞர்களின் ஊகம் இன்னொரு நிறம், நீங்கள் புனைந்தது மூன்றாவது நிறம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தொகுதி எண், பக்கம். கணினியில் எக்ஸெல் தாளாக வைத்தாலும் சரி.

இது மூன்று இடத்தில் காப்பாற்றும். எடிட்டர் கேள்வி கேட்கும்போது, பின்னுரை எழுதும்போது, புத்தகம் வந்தபின் யாராவது "இதற்கு ஆதாரம் என்ன" என்று கேட்கும்போது. பின்னாளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்பது மறந்தே போகும்.

4. ஊருக்குப் போய் வருவது

உடையார்குடி போன்ற கோயில்களில் பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிவரை திறப்பதில்லை. காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போதுதான் கல்வெட்டு எழுத்து கண்ணுக்குத் தெளியும். உச்சி வெயிலில் சுவர் வெறும் சுவராகத்தான் தெரியும். ஆகவே நடை திறந்ததும் உள்ளே இருங்கள்.

அறநிலையத் துறைக் கோயில்களில் கைப்பேசித் தடை 2022 டிசம்பர் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கடுமையாகியிருக்கிறது. நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். படம் வேண்டுமென்றால் செயல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்: எந்தச் சுவர், எதற்காக, எந்த நாள். தொல்லியல் துறை இடங்களில் கையில் பிடித்து எடுக்கும் படத்துக்குப் பொதுவாகத் தொல்லை இல்லை, முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ தேய்க்கவே கூடாது. கல் கெடும், குற்றமும் ஆகும்.

ஊரில் பார்க்க வேண்டியது கோயில் மட்டும் இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் வீராணம் ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்து வீரநாராயண ஏரி அது. கரை எவ்வளவு உயரம், இரவில் அங்கே ஒருவன் ஒளிந்தால் எதிர்க்கரைக்குத் தெரியுமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? இவை எந்தத் தொகுதியிலும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கதை நடக்கிறதென்றால் ஐப்பசி, கார்த்திகையிலேயே போய் வாருங்கள்.

பயணக் கணக்கும் இப்போதே போட்டுவிடுங்கள். தஞ்சையிலிருந்து காட்டுமன்னார்கோயில் இன்றைய சாலையில் சுமார் 90 கிலோமீட்டர். மாட்டுவண்டி நாளுக்கு 20, 25 கிலோமீட்டர் போகும். நடுவில் கொள்ளிடம். பாலம் கிடையாது, மழைக்காலத்தில் ஓடமும் நிற்கும். உங்கள் கொலையாளி ஒரே இரவில் தஞ்சையில் கொன்றுவிட்டு விடியலில் வீராணத்தில் குளித்துக்கொண்டிருக்க முடியுமா? வாசகர் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பார். மர்ம நாவலில் தூரம்தான் பொய்யை உடைக்கும் சாட்சி.

5. துப்பறிகிறவர் யார்?

பத்தாம் நூற்றாண்டில் இன்ஸ்பெக்டர் இல்லை. எனவே நம் நாவல்கள் உடனே ஒற்றனுக்குப் போய்விடுகின்றன. அதற்கு முன் அந்தக் காலத்தில் நிஜமாக விசாரித்தவர்களைப் பாருங்கள். பிராமண ஊர்களில் சபை, மற்ற ஊர்களில் ஊரார், வணிக ஊரில் நகரம். கணக்கு எழுதிய மத்தியஸ்தன். வழக்கு பார்த்த தர்மாசன பட்டர்கள். ஊர்க்காவலுக்குப் பாடிகாவல், அதற்கென்று தனி வரி.

எனக்குப் பிடித்தவர் கணக்கன். எல்லாருடைய நிலமும் எல்லைக்கல்லும் அவருக்குத் தெரியும், எல்லா விற்பனையிலும் அவர் கையெழுத்து இருக்கும், யாரும் அவரைக் கவனிக்கமாட்டார்கள். உத்திரமேரூரில் 919, 921இல் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை, அதாவது குடத்தில் ஓலை போட்டு ஊர் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேர்ந்த விதிகளைப் படியுங்கள். வாரிய உறுப்பினருக்கு வயது 35 முதல் 70, கால்வேலிக்கு மேல் வரிகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு. கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது. இந்த ஒரு விதியிலிருந்து எத்தனை பகை பிறக்கும் என்று யோசியுங்கள். பெரியப்பா கணக்குக் காட்டாததால் வாரியத்தில் சேர முடியாமல் போனவன் ஒருவன் போதும், உங்கள் கதை கிளம்பிவிடும்.

தடயங்களும் அந்தக் காலத்தவையாக இருக்கட்டும். கைரேகை இல்லை. ஓலையில் எழுத்துச் சாய்வு, முத்திரை, எல்லை அளந்த கோலின் நீளம், கோயிலுக்கு விட்ட ஆடு. நந்தா விளக்குக்கு "சாவா மூவாப் பேராடு" என்று 96 ஆடு விடுவது வழக்கம். இளைத்த குடும்பம் ஒன்று திடீரென்று 96 ஆடு விட்டு யாருக்கோ விளக்கு வைத்தால், ஏன் என்று உங்கள் கணக்கன் கேட்க வேண்டும்.

6. காதலுக்கும் பத்திரம் வேண்டும்

புதியவர்கள் கொலைக்கு ஆதாரம் தேடுவார்கள், காதலைச் சும்மா எழுதிவிடுவார்கள். நிலா, உப்பரிகை, யாழ், ஓலை கொண்டுபோகும் தோழி. நாவலின் பாதி அங்கே சப்பென்று போய்விடும். காதலுக்கும் அதே அளவு ஆவணம் இருக்கிறது, தேடினால்.

உடையார்குடிக் கல்வெட்டையே மறுபடி எடுங்கள். சொத்து பறிபோனது கொன்றவர்களுக்கு மட்டும் அல்ல. அவர்களின் தம்பிமார், மக்கள், பெண் கொடுத்த மாமன்மார், அவர்களின் உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. அந்தக் குடும்பத்துப் பெண்ணை மணந்த ஒரே காரணத்தால் ஒருவன் நிலமிழந்து நிற்கிறான். கல்யாணத்துக்கு முன்பே அவனுக்கு அந்த ரகசியம் தெரியுமா? தெரிந்தும் கைப்பிடித்தானா? அவளுக்குத் தெரியுமா? ஒரு வரிக் கல்வெட்டில் கொலையும் காதலும் ஒரே முடிச்சாக விழுந்திருக்கிறது. இதைப் படித்தபிறகு எனக்கு உப்பரிகை தேவைப்படவில்லை.

கதாநாயகிக்கு வருமானம் கொடுங்கள். சோழர் காலத்துப் பெண்கள் தம் பெயரில் விளக்கு வைத்தார்கள், நிலம் வாங்கினார்கள், தானம் செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் பணிப் பெண்கள்) 400 பேரைத் தனித்தனியே பெயர் சொல்லி, எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர் என்று பட்டியலிடுகிறது. திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தெரிந்த ஊரை விட்டுப் புதுத் தெருவில் குடியேறிய 400 பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது உட்பட நமக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி விட்டுவந்த ஊரில் யாரை விட்டு வந்தாள்? பெயர் வேண்டுமானாலும் இந்தப் பட்டியலுக்கு வாருங்கள். 'சேரமங்கை', 'எடுத்தபாதம்' என்றெல்லாம் இருக்கும் அழகை நாமாக உண்டாக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை, மனதார. உண்மையில் வாழ்ந்த பெண்ணைப் பற்றி ஆதாரமில்லாத பழியை எழுதாதீர்கள். காதலுக்கும் கள்ளத்துக்கும் புனைந்த பாத்திரத்தை வையுங்கள். அதேபோல், கொலையாளிகளாகக் கல்வெட்டு சொல்பவர்களின் குலத்தை வைத்து இன்றைய சாதிச் சண்டைக்கு நாவலைக் கருவியாக்க வேண்டாம். ஆவணம் சில மனிதர்களைத்தான் குற்றவாளி என்கிறது, ஒரு கூட்டத்தை அல்ல.

7. காலப்பிழை சோதனை

எழுதி முடித்ததும் தனியாக ஒரு முறை இதற்காகவே படியுங்கள்.

சமையலறையில் மிளகாய், தக்காளி, உருளை, மக்காச்சோளம், நிலக்கடலை, முந்திரி இருக்கக் கூடாது. கொய்யா, பப்பாளி, சீத்தா, அன்னாசி கூடாது. புகையிலை கூடாது. எல்லாம் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பின் வந்தவை. காரத்துக்கு மிளகு. கோயில் கல்வெட்டுகளில் நெய்யமுது, தயிரமுது, பருப்பமுது, கறியமுது, அடைக்காயமுது என்று அளவோடு சொல்லியிருக்கிறார்கள், அதிலிருந்தே விருந்து வையுங்கள். தோட்டத்தில் துலுக்கச் சாமந்தியும் சாலையோரம் குல்மோகரும் வேண்டாம்.

970இல் நடக்கும் கதையில் தஞ்சைப் பெரிய கோயில் கிடையாது, அது 1010இல்தான் முடிந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் கிடையாது. அட்டைப்பட ஓவியரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சோழர் கதை என்றதும் பெரிய கோயில் விமானத்தை வரைந்துவிடுவது எல்லோருக்கும் பழக்கம், திருத்த மறுபடி காசு கேட்பார்கள்.

மணி, நிமிடம் வேண்டாம். ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். நிலத்துக்கு வேலி, மா (20 மா ஒரு வேலி). பொன்னுக்குக் கழஞ்சு, மஞ்சாடி (20 மஞ்சாடி ஒரு கழஞ்சு). அமாவாசை இரவில் நிலா வெளிச்சத்தில் முகம் தெரிந்ததாக எழுதிவிடாமல், நாவலின் எல்லா நாட்களுக்கும் திதி குறித்த அட்டவணை ஒன்று போட்டு வையுங்கள்.

உரையாடல் பற்றிச் சுருக்கமாக: முழுச் செந்தமிழ் வாசகரைத் தள்ளி நிறுத்தும், இன்றைய பேச்சு காலத்தை உடைக்கும். எளிய எழுத்துத் தமிழ், மரியாதைக்கு "நீர், உம்". முதல் அத்தியாயத்தில் எடுத்த முடிவைக் கடைசி அத்தியாயம் வரை மாற்றாதீர்கள்.

8. அச்சும் செலவும்

முதலில் பக்கக் கணக்கு. டெமி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு ஏறக்குறைய 250 சொல். 80,000 சொல் நாவல் என்றால் 320 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் 20. ஃபாரம் கணக்கில் அடங்கும்படி முன்னுரை, பின்னுரை, வரைபடம் எல்லாவற்றையும் திட்டமிட்டால் வெற்றுப் பக்கத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அச்சகத்தில் வாய்மொழி விலை வாங்காதீர்கள். எழுத்தில் கேட்க வேண்டியவை: தாள் எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), நேச்சுரல் ஷேடா வெள்ளையா, அட்டை எத்தனை ஜி.எஸ்.எம்., லேமினேஷன் பளபளப்பா மேட்டா, தையலா பசை பைண்டிங்கா, ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, பார்சல் கட்டணம் யாருடையது, பிரதி சேதமானால் யார் பொறுப்பு. இரண்டு மூன்று இடத்தில் ஒரே பட்டியலைக் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். முதல் நாவலுக்கு 1,000 பிரதி ஆஃப்செட் போட வேண்டாம். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 50, 100 என்று தொடங்குங்கள். ஒரு பிரதிக்கு விலை கூடும், வீட்டில் மூட்டை தேங்காது.

விலை வைக்கும் கணக்கை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். புத்தக விலை 400 ரூபாய், கடைக்குக் கழிவு 40 சதவீதம் என்றால் உங்கள் கைக்கு 240. அச்சுக்கு 150 போனால் மிச்சம் 90. அதில்தான் எடிட்டர், பிழைதிருத்துநர், அட்டை ஓவியர், தபால், இலவசப் பிரதிகள் எல்லாம். இந்தக் கணக்கை உங்கள் எண்களோடு போட்டுப் பார்த்த பிறகே விலையை அச்சிடுங்கள். குறைக்க வேண்டுமென்றால் அட்டையின் ஜிகினாவில் குறையுங்கள், எடிட்டர் கூலியில் குறைக்காதீர்கள். மர்ம நாவலுக்கு எடிட்டர்தான் முதல் துப்பறிவாளர்.

"எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் பதிப்புரிமை யாருக்கு, எத்தனை ஆண்டு, கிண்டில், ஒலிநூல், திரைப்பட உரிமைகள் யாரிடம், விற்பனைக் கணக்கு எப்போது தருவார்கள் என்ற வரிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு பெரிய பொறி எழுத்துரு. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். சில டி.டி.பி. இடங்களில் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது ஸ்ரீ, ஷ, ஸ, க்ஷ போன்றவை சிதறும். கல்வெட்டு மேற்கோள் நிறைந்த நாவலில் இது பேராபத்து. மாற்றியபின் பிரதியை முழுக்க மறுபடி பிழைதிருத்த வேண்டும்.

9. பதிவுகளும் தாள்களும்

ஐ.எஸ்.பி.என். என்னும் புத்தக அடையாள எண் இந்தியாவில் இலவசம். ராஜாராம் மோகன்ராய் தேசிய நிறுவனத்தின் இணையதளத்தில் சொந்த வெளியீட்டாளராகவே பதிவு செய்யலாம். அடையாளச் சான்று, கையெழுத்திட்ட விண்ணப்பக் கடிதம், தலைப்புப் பக்கம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். சில நாளில் வரலாம், வாரக்கணக்கில் இழுக்கவும் செய்யலாம். அட்டை அச்சுக்குப் போகும் முன் எண் கையில் இருக்க வேண்டும் என்பதால் எடிட்டிங் நடக்கும்போதே விண்ணப்பியுங்கள். இதற்குக் காசு கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். அச்சு நூலுக்கும் மின்நூலுக்கும் தனித்தனி எண்.

பதிப்புரிமை நீங்கள் எழுதிய கணத்திலேயே உங்களுடையது. ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டும் நிற்கும். பதிவு கட்டாயம் இல்லை, தகராறு வந்தால் சான்றாக உதவும். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதன்பின்தான் பரிசீலனையே தொடங்கும். அட்டை ஓவியரிடம் எழுத்தில் உரிமைக் கடிதம் வாங்கி வையுங்கள்.

கிண்டிலில் தமிழ் மின்நூல் போடலாம். பான் எண், வங்கிக் கணக்கு, வரிப் படிவம் தேவை. இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமானால் கிண்டிலின் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் வலைப்பூவில் தொடராகப் போட்ட அத்தியாயங்கள் உட்பட. பணம் மாத முடிவிலிருந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும்.

அச்சு நூல் வெளியானதும் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் உங்கள் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

10. எந்த மாதம் எதை

சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியை ஒட்டி நடக்கும். டிசம்பரில் எல்லா அச்சகமும் திணறும், பிழைதிருத்தப் படி ஒழுங்காக வராது, பைண்டிங் அவசரத்தில் பக்கம் மாறும். அக்டோபர் கடைசிக்குள் இறுதிக் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் எடிட்டருக்கு ஜூலைக்குள் கொடுக்க வேண்டும், அட்டை ஓவியரிடம் ஆகஸ்டில் பேச வேண்டும். ஜனவரி தவறினால் அவசரப்படாதீர்கள், ஈரோட்டுப் புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வரும். மாவட்டக் காட்சிகளும் ஆண்டு முழுக்க நடக்கின்றன.

பின்னுரைக்கு நான்கைந்து பக்கம் ஒதுக்குங்கள். எது கல்வெட்டு, எது ஊகம், எது உங்கள் புனைவு என்று அந்த மூன்று நிற ஏட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போடுங்கள். முடிச்சு அவிழ்வது அதில் தெரிந்துவிடும் என்பதால் "நாவலைப் படித்தபின் படிக்கவும்" என்று மேலே அச்சிடுங்கள். வெளியானபின் பிழை சுட்டிக் கடிதங்கள் வரும், சில மிக நல்ல கடிதங்களாக இருக்கும். பக்க எண்ணோடு ஒரு பட்டியலில் சேர்த்து வையுங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் அடுத்த 50 பிரதிக்கு முன் கோப்பைத் திருத்திக் கொடுத்தால் போதும்.